ஒரு முழு நிமிடம்

ஜன்னல் திரை வெள்ளைதான். முந்தின நாள் வாசிதியே துவைத்துக் காயவைத்து, வெயில் வாசனை போவதற்குள் மாட்டியது. ஆனால் காலை ஏழரை மணிக்கு, நான்காம் கட்டிலில் இரண்டு தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அபெனிசா அதைப் பார்த்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "திரைய எப்ப மாத்துனீங்க? மஞ்சளும் நல்லாத்தான் இருக்கு," என்றார்.

வாசிதி திரும்பித் திரையைப் பார்த்தாள். பிறகு அவர் தட்டைப் பார்த்தாள். வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு இரண்டு துண்டும் வைத்தது வைத்தபடி இருந்தன. எலுமிச்சை இலைத் தேநீர் ஆறிப்போயிருந்தது. கொப்பரைக் கப்பலில் முப்பது வருடம் எஞ்சின் பார்த்த மனிதர் அவர். தன் தட்டைக் காலி செய்துவிட்டுப் பக்கத்துக் கட்டிலின் பங்கையும் விசாரிப்பவர்.

"ஏன் சாப்பிடல?"

"வயித்தப் பெரட்டுது." கிழவர் அவளைத் தாண்டி வாசல் பக்கம் பார்த்தார். "லோசலினி எங்க? இன்னும் வரலியா?"

அந்தப் பெயரைக் கேட்டதும் வாசிதியின் அடிவயிற்றில் எப்போதும் போல ஏதோ இறுகியது.

லோசலினி தலைநகர் சுவாவிலிருந்து இந்தத் தீவுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. முப்பத்தொரு வயது. அங்கே இதய வார்டில் ஆறு வருடம் இருந்தவள் என்று சொல்லி, வாசிதி பத்தொன்பது வருடமாகக் காத்திருந்த பொறுப்பு நர்ஸ் பதவியை அவள் கையில் கொடுத்தார்கள். மருந்து அலமாரியின் சாவி அவள் இடுப்புக்குப் போனது. மீனவர்கள் கொண்டுவரும் மீன் வாசிதியின் கைக்கு வருவது நின்று, "லோசலினி சிஸ்டருக்கு" என்று இலையில் சுற்றி வந்தது. தாடையில் கட்டுப் போட்டிருந்த கிழவிகூட அவள் உள்ளே வந்தால் வலியோடு சிரிக்கப் பார்த்தாள். லோசலினியின் பிறந்தநாளுக்கு வந்த பூமாலைகளைக் கழுத்தில் போட இடமில்லாமல், குளுக்கோஸ் மாட்டும் கம்பிகளில் தொங்கவிட்டார்கள். பத்தொன்பது வருடத்தில் வாசிதிக்கு வந்தது ஒரே ஒரு மாலை. அதைப் போட்டவர் அபெனிசா. "மகளே" என்று அவளைக் கூப்பிட்டவரும் அவர் ஒருவர்தான். இப்போது அவரும் வாசலைப் பார்க்கிறார்.

போன வாரம் லோசலினி எல்லா நர்ஸுகளையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தியதை வாசிதி மறக்கவில்லை. பலவீனமான இதயத்துக்குக் கொடுக்கிற டிகாக்ஸின் மாத்திரையைப் பற்றியது அது.

"நல்ல மாத்திரைதான். ஆனா குணமாக்குற அளவுக்கும் கொல்ற அளவுக்கும் நடுவுல இடைவெளி ரொம்பக் கம்மி," என்றாள். "மணிக்கட்டப் புடிச்சு பதினஞ்சு செகண்ட் எண்ணி நாலால பெருக்குறது வேணாம். நெஞ்சுல வெச்சு ஒரு முழு நிமிஷம் எண்ணுங்க. அறுபதுக்குக் கீழ இருந்தா மாத்திரைய நிறுத்திட்டு டாக்டரக் கூப்பிடுங்க. சாப்பாடு பிடிக்கல, கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாத் தெரியுதுன்னு சொன்னாலும் அப்படியே செய்யுங்க. நீர் பிரியுறதுக்கான மாத்திரையும் சேத்துச் சாப்பிடுறவங்கன்னா இன்னும் கவனமா இருங்க. அது ரத்தத்துல பொட்டாசியத்த இறக்கிடும். அப்ப சரியான அளவே விஷமாயிடும்."

பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்குவது யார் என்று தீவு முழுக்கத் தெரியும். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லோசலினி சிரிக்கவில்லை. அதுதான் வாசிதிக்கு இன்னும் எரிந்தது.

ஆகவே மஞ்சள் திரை என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். ஸ்டெதாஸ்கோப்பின் வட்டை அபெனிசாவின் நரைத்த மார்பில் வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முழு நிமிடம் எண்ணினாள். ஒவ்வொரு துடிப்பும் ஈர மணலில் கால் புதைந்து எழுவது போல் வந்தது.

நாற்பத்தாறு.

பிரசவ அறைக் கதவு திறந்தது. முழங்கை வரை ரத்தத்தோடு லோசலினி தலையை நீட்டினாள். உள்ளே ஒரு பெண் ஓயாமல் முனகிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இவளுக்கு ரத்தம் நிக்க மாட்டேங்குது, ரொம்ப நேரம் விட்டுட்டு வர முடியாது. அபெனிசா தாத்தாவுக்கு எண்ணியாச்சா?"

"ஆச்சு."

"எவ்வளவு?"

தவறான எண்ணைச் சொல்ல வேண்டும் என்று வாசிதி யோசித்து வைத்திருக்கவில்லை. நாக்கில் அந்த இரண்டு இலக்கங்களும் தாமாகவே இடம் மாறிக்கொண்டன.

"அறுபத்தி நாலு."

"வேற ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணுமில்ல. நீயும் ஒருவாட்டி எண்ணிப் பாத்துக்க."

"நீங்க எண்ணினா போதும்க்கா." லோசலினி கையைக் கழுவி, அலமாரியைத் திறந்து மாத்திரையை எடுத்துவந்து கிழவரின் நாக்கில் வைத்து, கன்னத்தைத் தட்டிவிட்டு ஓடினாள். கிழவர் சிரித்தார்.

அவர் சாக வேண்டும் என்று வாசிதி நினைக்கவில்லை. அதை அவள் பிற்பாடு தனக்குத்தானே ஆயிரம் முறை சொல்லிக்கொண்டாள். ஒரு நாள் வாந்தி எடுக்கட்டும். படகில் வந்துபோகும் டாக்டர் வங்கா எல்லார் முன்னாலும் லோசலினியை ஒரு தடவை திட்டட்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

மறுநாள் நாற்பத்து நாலு எண்ணி, அறுபத்தாறு என்று எழுதினாள். அன்று மதியம் சுவா ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. முந்தின படகில் அனுப்பியிருந்த அபெனிசாவின் ரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் குறைவு, உடனே பொறுப்பு நர்ஸிடம் சொல்லுங்கள் என்றார்கள். "சொல்றேன்," என்று வாசிதி குறித்துக்கொண்டாள். அந்தத் தாளை அவருடைய கோப்பின் கடைசிப் பக்கத்துக்கும் அட்டைக்கும் நடுவில் வைத்தாள். லோசலினி இரண்டாவது நாளாகத் தூங்காமல் அந்தப் பிரசவக்காரியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிள்ளையும் தாயும் பிழைத்தார்கள். தீவு முழுவதும் அதைப் பற்றித்தான் பேசியது.

மூன்றாம் நாள் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைமேல் அது விழுகிற சத்தத்தில் வார்டில் பேச்சே கேட்கவில்லை. மூன்று மணிக்கு அபெனிசா படுக்கையோடு வாந்தி எடுத்தார். லோசலினி ஓடிவந்து நெஞ்சில் வட்டை வைத்தாள். அவள் முகம் வெளுத்ததை வாசிதி கட்டிலின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாள். ஊசி போட்டார்கள். போனில் டாக்டர் கத்தினார். விஷத்தை முறிக்கிற மருந்து சுவாவில்தான் இருந்தது. அந்தக் கடலில் படகு வராது.

கிழவர் ஒரு கையைத் தூக்கினார். லோசலினியிடம் அல்ல.

"மகளே," என்றார். "நீ புடி. நீ எண்ணு."

எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த வார்த்தை. வாசிதி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். மூன்று துடிப்பு. ஓர் இடைவெளி. இரண்டு துடிப்பு. நீண்ட இடைவெளி. அவள் அடுத்ததற்காகக் காத்திருந்தாள். அவர் கண்கள் அவள்மேலேயே இருந்தன. அவை பார்ப்பதை எப்போது நிறுத்தின என்று அவளுக்குத் தெரியவில்லை.

சாவுச் சடங்குக்கான பாய்களைச் சுமந்து உறவினர்கள் வந்தார்கள். தேவாலயத்தில் பாடினார்கள். புதைத்தார்கள். பிறகு டாக்டர் வங்கா படகில் வந்து கோப்பைப் புரட்டினார். கடைசிப் பக்கத்துக்குப் பின்னாலிருந்த தாள் கீழே விழுந்தது.

"ரிப்போர்ட் வந்திருக்கு. யாரும் பாக்கலியா?" என்றார்.

"பொறுப்பு நர்ஸுக்காகத்தான் வெச்சேன் டாக்டர். அவங்க பாக்க வேண்டியது," என்றாள் வாசிதி.

லோசலினி தாளைப் பார்த்தாள். வாசிதியைப் பார்த்தாள். "அக்கா எண்ணுனது சரியாத்தான் இருந்திருக்கும் டாக்டர். எண்ணாமக் குடுத்த கை என்னோடது. மூணு நாளும் நான் குனிஞ்சு கேக்கல." அவ்வளவுதான் சொன்னாள்.

அடுத்த படகில் அவளை சுவாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். படகுத்துறையில் நாற்பது பேர் அழுதார்கள். அழுதவர்கள் யார் யார் என்று வாசிதி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று ஒவ்வொருவராக அடையாளம் பார்த்தாள். இப்போது அவள் இடுப்பில் சாவி கனத்தது.

அடுத்த திங்கட்கிழமை ஆரம்பித்தது அது.

நான்காம் கட்டிலில் இப்போது உனாய்சி இருந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை, முப்பத்தெட்டு வயது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இதய வால்வு கெட்டுப்போனவள், அதே மாத்திரை சாப்பிடுகிறவள். வாய் ஓயாதவள். வாசிதி அவள் நெஞ்சில் வட்டை வைக்கப் போனபோது உலோகம் சூடாக இருந்தது. இரவெல்லாம் ஆணியில் தொங்கியது. யாரோ ஒருவரின் மார்பிலிருந்து அப்போதுதான் எடுத்தது போன்ற சூடு. அவள் அதைச் சீருடையில் துடைத்துவிட்டு வைத்தாள்.

நாற்பத்தாறு.

மறுபடி எண்ணினாள். நாற்பத்தாறு. விரலில் மாட்டும் மெஷின் எண்பத்தாறு காட்டியது. மணிக்கட்டிலும் எண்பத்தாறு. காதில் மட்டும் ஈர மணலில் கால் புதைந்து எழுகிற அந்தச் சத்தம். விதி விதிதான். மாத்திரையை நிறுத்தினாள்.

அடுத்த கட்டிலில் கால் முறிந்த மீனவன். நாற்பத்தாறு. அதற்கடுத்து, ஆஸ்துமாக்காரக் கிழவி. நாற்பத்தாறு. புதிதாகப் பிறந்த அந்தக் குழந்தை, லோசலினி காப்பாற்றிய குழந்தை, தாயின் மடியில் கையைக் காலை உதைத்துக்கொண்டிருந்தது. அந்த வயதில் நெஞ்சு குருவியைப் போல அடிக்க வேண்டும். வாசிதி குனிந்தாள். ஒரு கிழவனுடைய இதயம் அதற்குள் நடந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்திலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டுப் பாயில் கண்ணயர்ந்திருந்த கணவன் சாக்கியூசாவின் மார்பில் வெறும் காதை வைத்துக் கேட்டாள். அவன் மேலிருந்து தேங்காயெண்ணெய் வாசம் வந்தது. அவன் விழித்து, "என்னடி, இந்த வயசுல?" என்று சிரித்தான். சிரிப்பு மார்பில் அதிர்ந்தது. அதற்கடியில், சிரிப்புக்குச் சம்பந்தமே இல்லாமல், நிதானமாக, நாற்பத்தாறு. அன்றைக்குப் பிறகு அவள் தனிப் பாய் விரித்துக்கொண்டாள்.

அதற்குள், மாத்திரை நின்ற மூன்றாம் நாளே உனாய்சியின் கால்கள் வீங்கியிருந்தன. டாக்டர் போனில் சத்தம் போட்டார். "மெஷின்ல எண்பத்தாறுன்னு இருக்கு. நீங்க நாப்பத்தாறுன்னு எழுதி மாத்திரைய நிறுத்தி வெச்சிருக்கீங்க. உங்களுக்குக் காது கேக்குதா இல்லையா? லோசலினி இருந்தா இப்படி நடக்குமா?"

லோசலினி இருந்தா. வார்டிலும் அதே பேச்சு. சமையல்கட்டிலும் அதே. அவள் போன பிறகும் அவளுக்கென்று மீன் வந்தது. படகில் சுவாவுக்கு அனுப்பிவைத்தார்கள்.

வாசிதி எண்ணுவதையே விட்டுவிட்டாள். காதில் மாட்டுவாள், குனிவாள், வட்டு தோலில் படாமல் ஒரு விரல் உயரத்தில் பிடித்துக்கொண்டு, மனதுக்குள் வேறு எதையாவது நினைப்பாள். பிறகு எழுதுவாள். எழுபத்திரண்டு. எழுபத்து நாலு. எழுபத்திரண்டு.

உனாய்சி ஒரு நாள் அவள் கையிலிருந்த அட்டையை எட்டிப் பார்த்தாள். "எங்க கிளாஸ் பசங்க இப்படித்தான் சிஸ்டர், விடைய மட்டும் எழுதுவாங்க. கணக்கு எங்கடான்னா முழிப்பாங்க." பக்கத்துக் கட்டில்கள் சிரித்தன. வாசிதியும் சிரித்தாள். அவள் காதில் ஸ்டெதாஸ்கோப் இருந்தது. வட்டு காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. எதன்மேலும் படவில்லை.

ஆனாலும் கேட்டது.

அந்த வாரம் முழுக்க மழை. பகல் பகலாகவே இல்லை. மதியம் பன்னிரண்டு மணிக்கும் விளக்கு. துணிகள் காயாமல் பூஞ்சை வாசம் அடித்தது. விளக்குகளைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிய ஆரம்பித்தது அவளுக்கு. ஒரு மாத்திரையும் அவள் விழுங்கவில்லை. வளையம் நாளுக்கு நாள் தடித்தது. தட்டில் வைத்த சோறு மஞ்சள். சீருடை மஞ்சள். வயிற்றைப் புரட்டியது. தேங்காய்ப்பால் பன்னைப் பார்த்தாலே குமட்டியது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அவள் லோசலினிக்குப் போன் செய்தாள். மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்தாள்.

"அக்கா!" அந்தப் பக்கம் குரல் உண்மையாகவே மகிழ்ந்தது. "எப்படி இருக்கீங்க? நானே கூப்பிடணும்னு நெனச்சேன். ரெண்டு தடவ நம்பர அழுத்திட்டு வெச்சுட்டேன்."

"லோசலினி." வாசிதி கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "அந்த நாளு. அபெனிசா…"

"சொல்லுங்கக்கா."

"அவரு நெஞ்சுல நான் கேட்டது…"

"அக்கா, அழாதீங்க. எதுவா இருந்தாலும் சொல்லுங்க. நான் கேக்குறேன்."

சொல்லிவிடுவாள். வாயில் இருந்தது. இரண்டு இலக்கம்தான், அவற்றைச் சரியான வரிசையில் வைத்தால் போதும். அப்போது அந்தப் பக்கம், சுவாவின் அந்தப் பெரிய வார்டில், யாரோ ஒரு கிழவர் கூப்பிட்டார். கரகரத்த, செல்லமான குரல். "மகளே! லோசலினி மகளே! எங்க போயிட்ட?" சுற்றிலும் பலர் சிரித்தார்கள். லோசலினியும் சிரித்தாள். "ஒரு நிமிஷம் தாத்தா, எங்கக்கா பேசுறாங்க."

அங்கேயும்.

போன இடத்திலும் அவளுக்கு ஒரு தகப்பன் கிடைத்துவிட்டான். தண்டனை என்று அனுப்பின இடத்திலும்.

அடிவயிற்றில் அது இறுகியது. பயத்தைவிடப் பழையது, பயத்தைவிடப் பலமானது. வாசிதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல," என்றாள். "அறுபத்தி நாலுதான் இருந்தது. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். நீ எண்ணியிருக்கணும்."

மிக மெதுவாக, "ஆமாக்கா," என்றாள் லோசலினி. "எண்ணியிருக்கணும்."

வாசிதி போனை வைத்தாள்.

அறை அமைதியாக இருந்தது. முழு அமைதி. இத்தனை நாளாகக் காதுக்குள் நடந்துகொண்டிருந்த அது நின்றிருந்தது. கூரைமேல் மழைச் சத்தம் மட்டும். மருந்துப் பாட்டில்கள் வரிசையாக, அவற்றின் சொந்த நிறத்தில் நின்றன. விளக்கைச் சுற்றி வளையம் இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. போய்விட்டது. போயே போய்விட்டது.

நிச்சயம் செய்துகொள்ள நினைத்தாள். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டி, சீருடையின் மேல் பொத்தானைக் கழற்றி, வட்டைத் தன் இடது மார்புக்கடியில் வைத்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

பத்து வினாடி.

இடம் தவறியிருக்கலாம். கொஞ்சம் கீழே நகர்த்தினாள்.

இருபது.

அழுத்தினாள்.

முப்பது. மூச்சு உள்ளே போகிற சத்தம் கேட்டது. வெளியே வருகிற சத்தம் கேட்டது. விழுங்கினாள். அதுவும் கேட்டது. வேறு எதுவும் இல்லை.

நாற்பது. கழுத்தில் விரலை வைத்தாள். மணிக்கட்டில். மறுபடி கழுத்தில்.

முள் ஒரு சுற்று முடித்தது. இன்னொரு சுற்று தொடங்கியது.

கதவை யாரோ தட்டினார்கள். "சிஸ்டர், மாத்திரை நேரம்."

"வரேன்," என்றாள். குரல் வந்தது. கால்கள் நடந்தன. தட்டில் சின்னக் கிண்ணங்களை அடுக்கிய கை நடுங்கவில்லை. நடுங்குவதற்கு அதில் எதுவும் ஓடவில்லை.

வார்டு. மழை வெளிச்சம். கட்டில்கள். எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது. முதல்முறையாக எல்லா முகமும். முதல் கட்டிலுக்குக் கொடுத்தாள். இரண்டாம் கட்டிலுக்கு. மூன்றாம் கட்டிலுக்கு.

நான்காம் கட்டிலில் உனாய்சி எழுந்து உட்கார்ந்திருந்தாள். மாத்திரைக் கிண்ணத்தை நீட்டிய கையை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"என்ன சிஸ்டர், கை இப்படி ஜில்லுன்னு இருக்கு? எங்கள எண்ணி எண்ணி உங்கள நீங்க கவனிக்கவே இல்ல. இருங்க, இன்னைக்கு நான் நர்ஸு, நீங்க பேஷன்ட்டு."

"விடு உனாய்சி."

"அட, சும்மா நில்லுங்க. ஒரு டீச்சருக்கு எண்ணத் தெரியாதா?"

பக்கத்துக் கட்டில்களில் சிரிப்பு. மீனவன் கழுத்தை நீட்டிப் பார்த்தான். உனாய்சி இரண்டு விரலை வாசிதியின் மணிக்கட்டில் சரியான இடத்தில் வைத்து, சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து, ஒன்று என்று எண்ணுவதற்காக வாயைத் திறந்தாள்.

முள் நகர்ந்தது.

வாய் திறந்தபடி இருந்தது. விரல்கள் கொஞ்சம் அழுத்தின. கொஞ்சம் இடம் மாறின. மறுபடி அழுத்தின.

சிரிப்பு முதலில் உனாய்சியின் கண்ணிலிருந்து போனது. பிறகு கன்னத்திலிருந்து. அவள் கடிகாரத்திலிருந்து பார்வையை இறக்கி, வாசிதியின் முகத்தைப் பார்த்தாள். கையை விடவில்லை. விட முடியாதவள் போலப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கட்டிலாக வார்டு அமைதியானது. எல்லாரும் அவள் எண்ணத் தொடங்குவதற்காகக் காத்திருந்தார்கள்.